புதுப்பிப்பு: செவில் கரிதாத் மருத்துவமனையும் தேவாலயமும், போய் வந்தேன்

ஸ்பெயினின் செவில் நகரில் இந்தப் பழைய தரும மருத்துவமனையையும் அதன் பரோக் (17ஆம் நூற்றாண்டின் ஆடம்பரக் கலைப்பாணி) தேவாலயத்தையும் அரை நாளில் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இரண்டு மணி நேரம் தாராளம்.

கைகொடுத்தது, 'நேரே பீடத்துக்குப் போகாமல் வாசலருகே நில்லுங்கள்' என்ற யோசனைதான். ஓவியர் வால்டெஸ் லியாலின் மரண ஓவியங்கள் இரண்டும் அங்கேதான் எதிரெதிரே இருக்கின்றன. எலும்புக்கூடு மெழுகுவர்த்தியை அணைக்கும் ஓவியத்தை விட்டு நகரவே மனமில்லை. அப்புறம்தான் பீடத்தில் ரோல்டான் செதுக்கிய இயேசுவின் அடக்கக் காட்சி.

எதிர்பாராதது: இங்குள்ள ஓவியர் முரில்லோவின் படைப்புகளில் நான்கு நகல்கள். அசல்களைப் பிரெஞ்சுத் தளபதி சூல்ட் 1810 வாக்கில் எடுத்துப்போய்விட்டார். இப்போது லண்டன், வாஷிங்டன், ஒட்டாவா, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கின்றன. மோசே பாறையிலிருந்து நீர் வரவழைக்கும் பெரிய ஓவியம் அசல்தான்.

இங்கே இன்றும் ஆதரவற்ற முதியவர்கள் வசிக்கிறார்கள். முற்றத்தில் மெல்லப் பேசுங்கள்.