பி.இ. ஏரோநாட்டிகல் முடித்தபின் ஏஎம்இ (விமானப் பராமரிப்புப் பொறியாளர்), சிபிஎல் (கமர்ஷியல் பைலட் லைசென்ஸ்), இஸ்ரோ: எந்த வழிக்கு என்ன தகுதி?

தாமிரபரணிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். தங்கை பி.இ. ஏரோநாட்டிகல் ஐந்தாவது செமஸ்டர் படிக்கிறாள். சிஜிபிஏ 7.4, அரியர் இல்லை. வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. "ஏர்லைன்ஸில் இன்ஜினியர் வேலை ரெடி" என்கிறார் சித்தப்பா. "இஸ்ரோவுக்குப் போகத்தானே இந்தப் படிப்பு" என்கிறார் மாமா. அவளுக்கோ விமானம் ஓட்டணும், முடிந்தால் விண்வெளிக்கும் போகணும்.

கேட்க நினைப்பது இதுதான். இந்த டிகிரியோடு நேராக ஹேங்கரில் இன்ஜினியராகச் சேர முடியுமா? பைலட் ஆக வேண்டுமானால் டிகிரியால் ஏதாவது சலுகை உண்டா? இஸ்ரோவில் ஏரோநாட்டிகலுக்கு நிஜமாகவே இடம் இருக்கிறதா? மீதியிருக்கிற செமஸ்டர்களில் எதைப் படித்தால் பிற்பாடு கைகொடுக்கும்? வாட்ஸ்அப் ஃபார்வர்டு வேண்டாம், விதிமுறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஹேங்கர்வாசி:

முதலில் சித்தப்பா கணக்கைச் சரிசெய்துவிடலாம். ஒரு விமானத்தில் பழுது பார்த்து முடித்தபின் "இது பறக்கத் தகுதியானது" என்று கையெழுத்துப் போடுவதைச் சிஆர்எஸ் என்போம். பி.இ. பட்டத்தை வைத்து அந்தக் கையெழுத்தைப் போட முடியாது. அதற்கு டிஜிசிஏவின் (சிவில் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பு) சிஏஆர்-66 விதிப்படி தரும் ஏஎம்இ லைசென்ஸ் வேண்டும். பி1.1 என்றால் டர்பைன் விமானத்தின் உடற்பகுதி, எஞ்சின், மின்சாரம். பி2 என்றால் ஏவியானிக்ஸ், அதாவது விமான மின்னணுக் கருவிகள். கல்லூரி விளம்பரங்கள் பட்டம், லைசென்ஸ் இரண்டையும் "விமானப் பொறியாளர்" என்றே போடுவதால்தான் இத்தனை குழப்பம்.

லைசென்ஸுக்கு மாட்யூல் மாட்யூலாகத் தேர்வு. ஒவ்வொன்றிலும் 75 சதவீதம் எடுத்தால்தான் பாஸ். பி.இ. முடித்து வருபவர்கள் ஏரோடைனமிக்ஸை ஊதித்தள்ளிவிட்டு மாட்யூல் 7-இலும் 10-இலும் மாட்டிக்கொள்வார்கள். 7 பராமரிப்பு முறைகள்: லாக்வயர் எந்தத் திசையில் இழுக்க வேண்டும், ரிவெட் தலை எப்படித் தவறும், டார்க் ரென்ச்சில் நீட்டுக்கை மாட்டினால் அளவை எப்படித் திருத்துவது, இந்த மாதிரி. 10 சட்டதிட்டம். இரண்டுமே கல்லூரியில் தொடாத பாடம்.

தேர்வு பாதிதான். சிஏஆர்-147 அங்கீகாரம் உள்ள பள்ளியில் அடிப்படைப் பயிற்சியை முழுதாக முடித்தவருக்கு, ஓடிக்கொண்டிருக்கும் விமானத்தில் 2 ஆண்டு அனுபவம் போதும். அந்தப் பயிற்சியும் இல்லை, தொடர்புள்ள தொழிற்பயிற்சியும் இல்லை என்றால் 5 ஆண்டு. அந்த அனுபவம் லாக்புக்கில் ஒழுங்காக ஏறியிருக்க வேண்டும். விண்ணப்பங்கள் திரும்பி வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். "வீல் சேஞ்ச்" என்று ஒரு வரி எழுதினால் போதாது. தேதி, விமானப் பதிவெண், ஏடிஏ அத்தியாயம் 32 (மேனுவலில் லேண்டிங் கியருக்கான எண்), மேனுவலில் உள்ள பணி எண், கூட இருந்து பார்த்தவரின் கையெழுத்து எல்லாம் வேண்டும்.

அதே வீல் சேஞ்சையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸில் நட்டை இறுக்கும்போது சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே இறுக்க வேண்டும். முதலில் கூடுதல் டார்க், பிறகு தளர்த்தி, மறுபடி குறைந்த டார்க்கில் இறுதி இறுக்கம். சுற்றாமல் இறுக்கினால் பேரிங் உருளைகள் இருக்கையில் சரியாக உட்காராது. ரென்ச் சரியான அளவைக் காட்டினாலும் நாலு லேண்டிங்கில் நட்டு தளர்ந்திருக்கும். லைசென்ஸ்காரரிடம் எதிர்பார்ப்பது இந்த அறிவை.

டிகிரிக்கு ஏர்லைன்ஸில் இடமே இல்லை என்று சொல்லவில்லை. கேமோ (விமானங்களின் பறக்கும் தகுதியைத் தொடர்ந்து கண்காணிக்கும் பிரிவு), டெக்னிகல் சர்வீசஸ், பிளானிங் பிரிவுகள் இருக்கின்றன. தயாரிப்பாளர் விடும் சர்வீஸ் புல்லட்டின், அரசு விடும் ஏர்வொர்தினஸ் டைரக்டிவ் எந்த விமானத்துக்குப் பொருந்தும், எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும், எஞ்சின் டிஸ்க்கில் இன்னும் எத்தனை சுற்று ஆயுள் பாக்கி என்று கணக்கு வைக்கும் வேலை. பி.இ. சரியாகப் பொருந்தும் இடம் அது. பட்டப்படிப்பு வழியாகச் சி பிரிவு லைசென்ஸ் என்று ஒன்றும் விதியில் உண்டு; 3 ஆண்டுப் பராமரிப்புச் சூழல் அனுபவம், அதில் 6 மாதம் பேஸ் மெயின்டனன்ஸைக் (ஹேங்கரில் நடக்கும் பெரிய பராமரிப்பு) கவனித்தல். ஆனால் அது பெரிய செக் முடிந்த விமானத்தை மொத்தமாக விடுவிக்கும் அதிகாரம். புதிதாக வேலை தேடுபவருக்கு அதனால் பயன் குறைவு.

கிராஸ்விண்ட்_20நாட்:

பைலட் பகுதிக்கு நான் சொல்கிறேன். டிகிரியால் சலுகை எதுவும் இல்லை. பிளஸ் டூவில் இயற்பியல், கணிதம் இருந்தால் போதும், 18 வயது ஆகியிருக்க வேண்டும். ஏரோநாட்டிகல் படித்ததால் டெக்னிகல் ஜெனரல் பேப்பர் சுலபமாக இருக்கும், அவ்வளவுதான். நேவிகேஷன், மீட்டியராலஜி, ஏர் ரெகுலேஷன் எல்லாருக்கும் ஒன்றுதான். பாஸ் மார்க் 70.

வரிசை முக்கியம். பணம் கட்டுவதற்கு முன் மெடிக்கல். கிளாஸ் 2 எடுத்து, உடனே கிளாஸ் 1-உம் எடுத்துவிடுங்கள். பாதிப் பயிற்சி முடிந்தபின் கிளாஸ் 1-இல் நிற வேறுபாடு தெரியவில்லை என்றோ இசிஜி சரியில்லை என்றோ வந்தால் போட்ட காசு போனதுதான். அதோடு டிஜிசிஏ கம்ப்யூட்டர் நம்பருக்கு (தேர்வு எழுதத் தேவையான அடையாள எண்) விண்ணப்பம். அதற்குப் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலைத் தேர்வு வாரியத்திடம் சரிபார்த்து வாங்க வேண்டும். அது இழுக்கும், கல்லூரியில் இருக்கும்போதே ஆரம்பிக்கலாம்.

பறக்கும் மணிக்கணக்கு மொத்தம் 200. அதில் 100 பிஐசி, அதாவது விமானத்துக்குத் தானே பொறுப்பேற்று ஓட்டியது. அந்த நூறில் 20 மணி கிராஸ்கன்ட்ரி, அதாவது ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் பறப்பது. அதிலும் 300 நாட்டிகல் மைலுக்குக் குறையாத ஒரு பயணம், வழியில் இரண்டு வேறு விமான நிலையங்களில் முழுதாக இறங்கி நின்று கிளம்ப வேண்டும். கருவி பார்த்து ஓட்டுவது 10 மணி, அதில் சிமுலேட்டர் 5-க்கு மேல் கூடாது. இரவுப் பறத்தல் 5 மணி, 10 டேக்ஆஃப், 10 லேண்டிங்.

கணக்கைப் பார்த்தால் எளிது. மாட்டுவது தேதியில். இரவுப் பறத்தலும் கடைசி 15 பிஐசி மணியும் விண்ணப்பத் தேதிக்கு முந்தைய 6 மாதத்துக்குள் இருக்க வேண்டும். 200 மணி முடித்துவிட்டு ஒரு பேப்பர் பாக்கி என்று வீட்டில் உட்கார்ந்தால் அந்த 6 மாதம் ஓடிவிடும், மறுபடி காசு கொடுத்து இரவில் பறக்க வேண்டியதுதான். அதனால் பேப்பர் எல்லாம் பாஸ் செய்துவிட்டு ஃப்ளையிங் பள்ளிக்குப் போவதே புத்திசாலித்தனம்.

அமெரிக்கா போய்ப் பறந்து வந்து லைசென்ஸை மாற்றுபவர்களுக்கு இன்னொரு சிக்கல். அங்கே பயிற்றுநர் பக்கத்தில் இருந்தாலும், ரேட்டிங் (அந்த வகை விமானத்தை ஓட்டும் தகுதி) உள்ளவர் தானே கட்டுப்பாட்டைக் கையாண்டால் அதைப் பிஐசி என்று லாக்புக்கில் ஏற்றிக்கொள்ளலாம். இங்கே அது டூயல், அதாவது பயிற்றுநரோடு பறந்த கணக்கு. லாக்புக்கில் 110 என்று இருந்த பிஐசி, டிஜிசிஏ கழித்துப் பார்த்தால் நூறுக்குக் கீழே வந்து நிற்கும்.

பள்ளி தேர்ந்தெடுக்கும்போது கட்டணத்தை மட்டும் கேட்காதீர்கள். பறக்கும் நிலையில் எத்தனை விமானம், அதற்கு எத்தனை மாணவர், எத்தனை பயிற்றுநர், போன மழைக்காலத்தில் ஒரு மாணவர் மாதத்துக்கு எத்தனை மணி பறந்தார் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் கிளம்பிவிடுங்கள். லைசென்ஸ் கையில் வந்தபின் ஏ320 அல்லது 737 டைப் ரேட்டிங்கிற்கு (அந்த விமான மாடலை ஓட்டும் தகுதி) தனிச் செலவு. அதையும் சேர்த்துத்தான் லோன் கணக்குப் போட வேண்டும்.

வலியமலை_வண்டி:

மாமா சொன்னது பாதி சரி. இஸ்ரோவின் மத்திய ஆட்சேர்ப்பான ஐசிஆர்பி 'சயின்டிஸ்ட்/இன்ஜினியர் எஸ்சி' தேர்வுகளில் வழக்கமாகக் கேட்பது மெக்கானிக்கல், எலெக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ். 65 சதவீதம் அல்லது 6.84 சிஜிபிஏ வேண்டும், அது தங்கையிடம் இருக்கிறது. ஆனால் பாடப்பிரிவு அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இருக்காது. ஏரோஸ்பேஸுக்கான இடங்கள் விஎஸ்எஸ்சி (திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம்) போன்ற மையங்கள் தனியாக விடும் அறிவிப்புகளில் வரும், அவற்றில் எம்.இ. அல்லது எம்.டெக். கேட்பது வழக்கம்.

ராக்கெட் செய்யும் இடத்தில் ஏன் மெக்கானிக்கல் என்று கேட்பார்கள். மகேந்திரகிரியில் சோதிக்கும் சிஇ20 கிரையோ எஞ்சினைப் பாருங்கள். திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரி; சற்றுத் தள்ளி எரியறையில் 3000 டிகிரி அளவில் நெருப்பு. நடுவே டர்போபம்ப் நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுற்றுகிறது, அதன் பேரிங்கிற்கு எண்ணெய் விட முடியாது, எண்ணெய் உறைந்துவிடும். சீல் கசியக்கூடாது, வெல்டு விரியக்கூடாது, குளிரில் உலோகம் சுருங்கும்போது இடைவெளி மாறக்கூடாது. இதெல்லாம் மெக்கானிக்கல் வேலை. காற்றியக்கம் படித்தவர்களுக்கான இடங்கள் எண்ணிக்கையில் குறைவு.

அதற்காக ஏரோநாட்டிகல்காரர்கள் மேலே போகவில்லை என்று அர்த்தமில்லை. இஸ்ரோவின் முன்னாள் தலைவர் கே. சிவன் குரோம்பேட்டை எம்ஐடியில் 1980-இல் ஏரோநாட்டிகல் முடித்து, ஐஐஎஸ்சியில் எம்.இ. செய்துவிட்டு இஸ்ரோவில் சேர்ந்தவர். அந்த நடுப்படியைக் கவனியுங்கள். இன்றைக்கும் நம்பகமான வழி அதுதான்: கேட் (GATE) என்ற முதுநிலை நுழைவுத் தேர்வில் ஏஇ (ஏரோஸ்பேஸ்) பேப்பர், பிறகு ஐஐஎஸ்சி அல்லது ஐஐடியில் முதுநிலை. கேட் ஏஇயில் பொது ஆப்டிட்யூட் 15 மதிப்பெண், மீதி 85-இல் கணிதம், ஃப்ளைட் மெக்கானிக்ஸ், ஏரோடைனமிக்ஸ், ஸ்ட்ரக்சர்ஸ், ப்ரொபல்ஷன். அதே மதிப்பெண் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் சயின்டிஸ்ட் 'பி' தேர்வுக்கும் உதவும், அங்கே ஏரோநாட்டிகலுக்கு இடமுண்டு. வலியமலை ஐஐஎஸ்டியின் (விண்வெளித் துறையின் கல்லூரி) பி.டெக். வழி ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுதி வருபவர்களுக்கானது. உங்களுக்கு அது கடந்துபோன ரயில்.

தனியார் பக்கம் அக்னிகுல், ஸ்கைரூட் போன்ற ராக்கெட் கம்பெனிகள் எல்லாம் டிகிரிப் பெயரைவிடக் கைவேலையைத்தான் பார்ப்பார்கள். அதனால் ப்ராஜெக்ட் பற்றி ஒரு வார்த்தை. நாக்கா 0012 என்ற பாடப்புத்தக இறக்கை வடிவத்தை ஃப்ளூயன்ட் என்ற காற்றோட்ட சாஃப்ட்வேரில் ஓட்டி, கலர் கலராகப் படம் எடுத்து ஒட்டாதீர்கள். நேர்காணலில் முதல் கேள்வியே "ஒய்-பிளஸ் எவ்வளவு?" என்று வரும். இறக்கைச் சுவரோரம் மெஷ் (கணக்குப் போடப் பிரித்த சிறு கட்டங்கள்) எவ்வளவு நெருக்கம் என்பதன் அளவு அது. கே-ஒமேகா எஸ்எஸ்டி என்ற கொந்தளிப்பு மாடலில் சுவரோரம் 1-க்குப் பக்கத்தில் வைக்காமல் 80-இல் வைத்துவிட்டு ஸ்டால் கோணம் கண்டுபிடித்ததாகச் சொன்னால் அங்கேயே முடிந்தது. மெஷ்ஷை இரண்டு மடங்காக்கினால் லிஃப்ட் எவ்வளவு மாறியது, காற்றுச் சுரங்க அளவீட்டோடு எங்கே விலகியது, ஏன் என்று ஒரு பக்கம் இருந்தால் போதும். ஸ்ட்ரக்சர்ஸ் என்றால் நாஸ்ட்ரான் சாஃப்ட்வேருக்கு முன்னால் கையால் போட்ட கணக்கு. லிமிட் லோடை (பறக்கும்போது எதிர்பார்க்கும் அதிகபட்சச் சுமை) 1.5-ஆல் பெருக்கினால் அல்டிமேட். அனுமதித்த தகைவை (ஸ்ட்ரெஸ்) வந்த தகைவால் வகுத்து ஒன்றைக் கழித்தால் மார்ஜின். இதைத் தாளில் போடத் தெரியாமல் சாஃப்ட்வேர் மட்டும் தெரிந்தவர்கள் ஏராளம். பெங்களூரில் ஸ்ட்ரெஸ் வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் அதை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஜலஹள்ளி_பஸ்:

விண்வெளிக்குப் போகும் ஆசை பற்றி யாரும் தொடவில்லையே. 2024 பிப்ரவரியில் அறிவித்த ககன்யான் வீரர்கள் நால்வரும் விமானப்படை டெஸ்ட் பைலட்டுகள். அவர்களில் சுபான்ஷு சுக்லா 2025 ஜூனில் ஆக்ஸியம்-4இல் விண்வெளி நிலையம் போய், ஜூலையில் திரும்பினார். ஆகவே இன்றைய நிலையில் அந்த வாசல் திறப்பது ஏஃப்கேட் (விமானப்படை அதிகாரிகளுக்கான நுழைவுத் தேர்வு) எழுதி, ஃப்ளையிங் பிராஞ்ச் போய், பல வருடம் பறந்து, பெங்களூர் ஆஸ்டேயில் (விமானப்படையின் விமானச் சோதனை நிறுவனம்) டெஸ்ட் பைலட் கோர்ஸ் முடிப்பவருக்கு.

ஃப்ளையிங் பிராஞ்சுக்கு வயது 20 முதல் 24 வரை, சிபிஎல் கையில் இருந்தால் 26 வரை. டிகிரியில் 60 சதவீதம். உட்கார்ந்த உயரம், தொடை நீளம், கால் நீளம் எல்லாவற்றுக்கும் அளவு வைத்திருக்கிறார்கள், காக்பிட்டில் பொருந்த வேண்டுமே. பைலட் திறனறி தேர்வு வாழ்நாளில் ஒரே தடவைதான். தவறினால் மறுபடி ஃப்ளையிங் பிராஞ்சுக்கு முயல முடியாது. அதனால் "சும்மா ஒரு ட்ரையல்" என்று போகவே கூடாது.

பலருக்குத் தெரியாத ஒன்று: ஏரோநாட்டிகல் டிகிரி நேரடியாக உதவுவது டெக்னிகல் பிராஞ்சில், வயது 26 வரை. அங்கிருந்து பிற்பாடு அதே ஆஸ்டேயில் ஃப்ளைட் டெஸ்ட் இன்ஜினியர் கோர்ஸுக்குப் போகலாம். டெஸ்ட் பைலட்டோடு சேர்ந்து சோதனையைத் திட்டமிட்டு, விமானத்தில் ஏறியும் தரையில் டெலிமெட்ரி முன்னாலும் வேலை. படிப்பும் பறத்தலும் உண்மையாகவே சேரும் இடம் என்றால் எனக்குத் தெரிந்து இதுதான்.

அமெரிக்காவில் எம்.எஸ். செய்து ராக்கெட் கம்பெனியில் சேரலாம் என்று யாராவது சொன்னால் ஐடார் சட்டத்தையும் (ஆயுத, ராக்கெட் தொழில்நுட்பம் வெளிநாட்டவர் கைக்குப் போகாமல் தடுக்கும் அமெரிக்க விதி) சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவருக்கு அந்த வேலைகள் நடைமுறையில் கிடைக்காது. அங்கே ஏரோஸ்பேஸ் படித்துவிட்டு ஆட்டோமொபைல் சிமுலேஷனுக்குப் போவது அதனால்தான்.

இன்னொன்று, ஏஏஐ (இந்திய விமான நிலைய ஆணையம்) நடத்தும் ஏடிசி (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) ஜூனியர் எக்ஸிக்யூட்டிவ். பி.இ.யில் ஏதாவது ஒரு செமஸ்டரில் இயற்பியலும் கணிதமும் இருந்தால் தகுதி உண்டு, வயது 27 வரை. முதலாண்டு மதிப்பெண் பட்டியலைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள், சான்றிதழ் சரிபார்ப்பில் அதைத்தான் கேட்பார்கள்.

தாமிரபரணிக்கரை:

எல்லோருக்கும் நன்றி, வீட்டில் இதை அப்படியே படித்துக் காட்டப்போகிறேன். ஒரு சந்தேகம். அவளுக்கு மைனஸ் 1.5 கண்ணாடி. சிபிஎல் மெடிக்கலில் அடிபடுமா?

கிராஸ்விண்ட்_20நாட்:

கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணிலும் 6/9, இரண்டு கண்ணும் சேர்த்து 6/6 வந்தால் சிவில் பக்கம் பிரச்சினை இல்லை. கண்ணாடி போட்டே ஓட்ட வேண்டும் என்று மெடிக்கலில் குறிப்பார்கள், மாற்றுக் கண்ணாடி ஒன்றும் காக்பிட்டில் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். கண் ஆபரேஷன் செய்துகொள்ளும் யோசனை இருந்தால் டிஜிசிஏ மெடிக்கல் பார்க்கும் டாக்டரிடம் கேட்காமல் செய்ய வேண்டாம். விமானப்படைக்குக் கண் விதிகள் வேறு, இன்னும் கண்டிப்பு. ஏஃப்கேட் அறிவிப்பின் மருத்துவ இணைப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நிறப்பார்வைக்கு முதலில் இஷிஹாரா தட்டுகள்தான் காட்டுவார்கள். அருகில் உள்ள கண் மருத்துவரிடம் இந்த வாரமே அதை மட்டும் பார்த்துவிடச் சொல்லுங்கள், பத்து நிமிட வேலை.