தென்னாப்பிரிக்காவின் ஆஃப்ரிகான்ஸ் மொழி பேசப்போய் மாட்டிக்கொண்ட அனுபவம் உண்டா?

புளூம்ஃபோன்டெய்ன்வாசி:
வந்த புதிதில் நடந்தது, இன்னும் மனசை அரிக்கிறது. எதிர்வீட்டு டன்னி (வயதான பெண்களை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள்) உள்ளேயிருந்து கதவைத் தட்டினார். "கன் டன்னி டி டீயர் ஊப்மாக்?", அதாவது கதவைத் திறக்க முடியுமா என்று கேட்டேன். "எக் கன் நி டி டீயர் ஊப்மாக் நி" என்றார். மறுப்புச் சொல்லான "நி" இரண்டு முறை வந்ததால் ஒன்றையொன்று அடித்துவிடும், அவரால் திறக்க முடியும் என்று நினைத்து வேலைக்குப் போய்விட்டேன். பூட்டு இறுகிக் கிடந்ததாம். மதியம்தான் யாரோ வந்து உடைத்திருக்கிறார்கள். சாயங்காலம் நான் திரும்பியபோது ஜன்னலோரம் உட்கார்ந்து கையசைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஸ்டெல்லன்போஷ் மாணவி:
அண்ணா, அடித்துவிடும் கணக்கே அங்கே கிடையாது. முதல் "நி"தான் மறுக்கிறது, கடைசி "நி" வாக்கியத்தை மூடுகிறது. "எக் வீட் நி" (எனக்குத் தெரியாது) மாதிரி குட்டி வாக்கியத்தில் ஒன்றே போதும்.

நான் மாட்டியது இறந்தகாலத்தில். துணைவினையாக "ஹெட்" போட்டு வினைக்கு முன்னால் "கெ" ஒட்டினால் முடிந்தது என்று நம்பி, வகுப்பில் "எக் ஹெட் கெஃபெர்ஸ்தான்" என்றேன். "புரிந்தது" என்று சொல்ல வந்து அதிலேயே தப்பு. "ஃபெர்" என்று தொடங்கும் வினைக்கு "கெ" கிடையாது. ஆசிரியை சிரிக்கவில்லை, பலகையில் சரியாக எழுதிவிட்டு என்னையே பார்த்தார்.

பிரிட்டோரியா அப்பா:
மகளின் வீட்டுப்பாடத்தில் நான் திருத்திய வாக்கியம்தான் தப்பாகிப்போனது. அவள் முகம் வாடியது கண்ணிலேயே நிற்கிறது.

வினை ஆளுக்கு ஆள் மாறாது, அதனால் சுலபம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எக் இஸ், யெய் இஸ், ஓன்ஸ் இஸ் (நான், நீ, நாம் எல்லாவற்றுக்கும் ஒரே "இஸ்"), அதுவரை சரி. வினை எங்கே உட்காரும் என்பதில்தான் கஷ்டம். "மோரெ" (நாளை) என்று தொடங்கினால் அடுத்து வினை வந்தாக வேண்டும்: "மோரெ கான் எக்" (நாளை நான் போகிறேன்). "வான்ட்" (ஏனென்றால்) போட்டால் வரிசை மாறாது: "வான்ட் ஹெய் இஸ் சீக்" (ஏனென்றால் அவனுக்கு உடம்பு சரியில்லை). அதே அர்த்தத்தில் "ஓம்டாட்" போட்டால் வினை கடைசிக்கு ஓடும்: "ஓம்டாட் ஹெய் சீக் இஸ்". நமக்குக் கடைசி வினை பழக்கம்தானே, அந்த இடத்தில் தமிழ் மாதிரி நினையுங்கள். பள்ளியில் சொல்லித்தரும் ஸ்டோம்பி வரிசையையும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: எழுவாய், முதல் வினை, காலம், செயப்படுபொருள், விதம், இடம், அப்புறம் இரண்டாம் வினை. தினம் பத்து வாக்கியம் எழுதினால் போதும்.

புளூம்ஃபோன்டெய்ன்வாசி:
ஒட்டுகிறேன் சார். ஆனால் அன்றைக்கு வரிசை எனக்குப் புரிந்துதான் இருந்தது. "கன்" இரண்டாவது, "ஊப்மாக்" கடைசியில், இரண்டையும் சரியாகப் பிடித்தேன். டன்னி அந்தக் கடைசி "நி"யைக் கொஞ்சம் உரக்கவே சொன்னார்.