கடன் அவருடையது, அழைப்பு எனக்கு: வசூல் முகவர்களிடம் நமக்கு நேர்ந்தவை

ஈரோட்டுக் கணக்காளர்:

நான் யாரிடமும் கடன் வாங்கவில்லை. யாருக்கும் ஜாமீன் கையெழுத்தும் போடவில்லை. என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவர் ஒரு வங்கிசாரா நிதி நிறுவனத்தில் தனிநபர் கடன் வாங்கியபோது, விண்ணப்பத்தில் தெரிந்தவர் விவரம் கேட்ட இடத்தில் என் பெயரையும் கைப்பேசி எண்ணையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்த சமயத்தில் தவணை நின்றது. அன்றிலிருந்து என் கைப்பேசி ஓயவில்லை.

முதலில் பேசிய பெண் மரியாதையாகவே பேசினார். அடுத்து வந்தவர்கள் எல்லாரும் ஆண்கள், ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண். "உங்களை நம்பித்தான் பணம் கொடுத்தோம், அவர் கட்டவில்லை என்றால் நீங்கள்தான் கட்ட வேண்டும்" என்றார்கள். தம்பியின் கடன் எவ்வளவு, எத்தனை தவணை பாக்கி என்பதையெல்லாம் நான் கேட்காமலேயே ஒப்பித்தார்கள். ஓர் இரவு மணி ஒன்பதரை இருக்கும், வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். ஒலிபெருக்கியில் போட்டு எடுத்தேன். அந்த ஆள் எடுத்த எடுப்பில் ஒருமையில் இறங்கி, "உன் பெண்டாட்டியிடம் போனைக் கொடு, அவளிடம் சொல்கிறேன்" என்றான். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் கையிலெடுத்த சோற்றை அப்படியே தட்டில் போட்டுவிட்டு எழுந்து போனாள். மறுநாள் எங்கள் முதலாளியின் மேசைத் தொலைபேசிக்கே அழைத்து, இரண்டு மோசடிக்காரர்களை வேலைக்கு வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லியிருக்கிறார்கள்.

இதில் எதைச் செய்யவும் அவர்களுக்கு உரிமை கிடையாது. ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்ட் 12 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையைத் தேடிப் படித்தேன். நிலுவைக்காகக் கடன்தாரரைக் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. சொல்லாலோ செயலாலோ மிரட்டக் கூடாது. பலர் அறிய அவமானப்படுத்தக் கூடாது. குடும்பத்தினர், நண்பர்கள், விண்ணப்பத்தில் பெயர் கொடுக்கப்பட்டவர்கள் ஆகியோரின் தனிமையில் தலையிடக் கூடாது. என்னைப் போன்றவர்களுக்குக் கடைசியில் சொன்னதுதான் உயிர்நாடி. பெயர் கொடுக்கப்பட்டவர் வேறு, ஜாமீன்தாரர் வேறு. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதவரிடம் ஒரு ரூபாய் கேட்கவும் வழியில்லை.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வோர் அழைப்பையும் பதிவு செய்தேன். தேதி, நேரம், எண், சொன்ன சொல் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு நான் ஒரு மின்னஞ்சலும் தம்பி ஒரு மின்னஞ்சலுமாக அனுப்பினோம். தம்பியின் மின்னஞ்சலைத்தான் முக்கியமாகக் கருதினேன்; அவர்தான் அவர்களுடைய வாடிக்கையாளர், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் வரை போக வேண்டி வந்தால் அவர் பெயரில் போகும் புகாரே நிற்கும். அந்த அளவுக்குப் போகவில்லை. நிறுவனத்திலிருந்து ஒருவர் வருத்தம் தெரிவித்துப் பேசினார். எனக்கு வந்த அழைப்புகள் நின்றன. தம்பி தவணையை மறுபடி கட்டத் தொடங்கிவிட்டார்.

உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள். அவமானமாக நினைத்து நாம் வாயை மூடிக்கொள்வோம் என்ற நம்பிக்கையில்தான் இவர்கள் இப்படிப் பேசுகிறார்கள்.

செய்யாற்றுக் குழுத் தலைவி:

அண்ணா, உங்களுக்கு அழைப்பு வந்தது. எங்களுக்கு ஆளே வந்து திண்ணையில் உட்கார்ந்துகொள்வான்.

எங்களுடையது நுண்கடன் குழு. அடகு வைக்க நகை இல்லாத பெண்களுக்குக் கொடுக்கும் கடன். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து போட வேண்டும் என்பது பேச்சு. குழுவில் ஒரு தங்கையின் கணவர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து படுக்கையாகிவிட்டார். குழுவே கூடித் தவணை கட்டும் மையக் கூட்டத்துக்கு அவள் ஒரே ஒரு முறை வரவில்லை. அன்று மாலையே வசூல் பையன் அவள் வீட்டுக்கு வந்துவிட்டான். விளக்கு வைத்து வெகுநேரமாகியும் எழுந்திருக்கவில்லை. "பணம் வரும்வரை நானும் இங்கேதான் படுப்பேன்" என்று தெருவே கேட்கும்படி சொன்னான். குழுப் பெண்கள் அத்தனை பேரையும் வரவழைத்து வரிசையாக உட்கார வைத்தான். மாடு கறக்கப் போக வேண்டியவள், கைக்குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு வந்தவள், எல்லாரும் அங்கேயே. உள்ளே படுத்திருந்த மனிதர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என் மகள்தான் குழுக் கடனின் விவரம் எழுதிய அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில், தமிழிலேயே, குறைதீர்ப்பு அதிகாரியின் பெயரும் எண்ணும் இருந்தன. கடன் வாங்கியவருக்குப் புரியும் மொழியில் அட்டை இருக்க வேண்டும், அதில் அந்த எண்ணும் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் பணம் கொடுக்கும்போது எவரும் அதைக் காட்டுவதில்லை. அன்று இரவு அந்த எண்ணை யாரும் எடுக்கவில்லை. மறுநாள் காலை எடுத்தார்கள். பையனின் பெயர், வந்த நேரம், போன நேரம், சொன்ன பேச்சு எல்லாம் சொல்லிப் புகார் எண் வாங்கினோம்.

2022 ஏப்ரல் முதல் நுண்கடனுக்கென்று தனி விதிகள் இருக்கின்றன. இதை எல்லாக் குழுப் பெண்களும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. வசூல், இரு தரப்பும் பேசி முடிவு செய்த பொது இடத்தில்தான். அந்த இடத்துக்குத் தொடர்ந்து இரண்டு முறையாவது வராமல் போனால் மட்டுமே வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ வரலாம். எங்கள் தங்கை வராதது ஒரே ஒரு முறை.

அடுத்த கூட்டத்துக்குக் கிளை மேலாளரே வந்தார். தங்கையின் தவணையைக் குறைத்து, காலத்தை நீட்டித்துக் கொடுத்தார்கள். அதை முதல் நாளே செய்திருக்கலாம் அல்லவா?

கோவைப் பட்டறைக்காரர்:

எனக்கும் பத்துப் பேர் பணம் தர வேண்டும், ஒருவரும் தருவதில்லை. வாங்கும்போது கும்பிட்டு வாங்குகிறார்கள், கேட்டால் உரிமை பேசுகிறார்கள். கொடுத்தவன் என்னதான் செய்வது?

செய்யாற்றுக் குழுத் தலைவி:

கேளுங்கள் ஐயா. பகலில் கேளுங்கள், மரியாதையாகக் கேளுங்கள், தராவிட்டால் நீதிமன்றத்துக்குப் போங்கள். எங்கள் குழுவில் இதுவரை ஒரு ரூபாய் நிலுவை இல்லாமல் கட்டி வருகிறோம். கடன்பட்டதற்காக எங்கள் வீட்டுத் திண்ணையையும் மானத்தையும் சேர்த்து எழுதிக் கொடுக்கவில்லை.

முன்னாள் டெலிகாலர், சென்னை:

நான் சென்னையில் ஒரு வசூல் முகமையில் வேலை பார்த்தவன். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பயம் பாதி போய்விடும் என்பதால் எழுதுகிறேன்.

தவணை தவறிய கணக்குகளை நாள் கணக்கில் பிரிப்பார்கள்: 30 நாள் வரை, 60 வரை, 90 வரை. ஒவ்வொன்றையும் ‘பக்கெட்’ என்போம். 90 நாள் தாண்டினால் அது வாராக்கடன் கணக்கில் சேரும். கடன் கொடுத்த நிறுவனம் அதற்காக லாபத்திலிருந்து கூடுதல் பணம் ஒதுக்க வேண்டும். அதனால் 60 முதல் 90 வரை உள்ள பக்கெட்டில்தான் நெருக்கடி அதிகம், அதிலும் மாதக் கடைசி வாரத்தில். முகமைக்கு வசூலான தொகையில் கமிஷன். எங்களுக்குச் சொற்பச் சம்பளம், மீதி ஊக்கத்தொகை. எண்ணை நாங்கள் அழுத்துவதுகூட இல்லை. கணினியே அடுத்தடுத்து அழைத்து இணைப்பைத் தந்துகொண்டிருக்கும். எங்களுக்கு வேண்டியது ஒன்றுதான்: எந்தத் தேதியில் கட்டுவீர்கள் என்ற வாக்குறுதி. அழைப்பை எடுக்காவிட்டால் அடுத்த எண், அது தம்பி எண், மாமனார் எண், அலுவலக எண்.

இப்போது பொய்களைப் பற்றி. "வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து பேசுகிறோம்", "உங்கள் மீது கைது ஆணை தயாராக இருக்கிறது", "போலீஸ் கிளம்பிவிட்டது". வாட்ஸ்அப்பில் அசோகச் சின்னமும் சிவப்பு முத்திரையும் போட்ட நோட்டீஸ் ஒன்று வரும். தவணை கட்ட முடியாமல் போவது உரிமையியல் விவகாரம். அதற்காக யாரும் கைது செய்துகொண்டு போக முடியாது. ஆனால் காசோலை திரும்பினால் செலாவணி முறிச் சட்டத்தின் 138ஆம் பிரிவின் கீழ் குற்ற வழக்கு போடலாம். அதிலும் முதலில் முறையான எழுத்து நோட்டீஸ், பணம் கட்ட 15 நாள் அவகாசம், பிறகுதான் நீதிமன்றம். உண்மையான சம்மன் நீதிமன்றத்திலிருந்து வரும், முகமையின் வாட்ஸ்அப்பிலிருந்து வராது.

பேசுகிறவரிடம் கத்தாதீர்கள். கத்தினால் அவருக்குப் பழக்கம். "உங்கள் பெயர், முகமையின் பெயர், உங்களை நியமித்த கடிதம். நான் அனுப்பிய புகாரின் எண் இது, எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் மறுமுனையில் குரல் மாறுவதை நீங்களே கேட்பீர்கள். என் பக்கத்து இருக்கைக்காரர் அப்படிப்பட்ட அழைப்புகளை உடனே மேற்பார்வையாளருக்குத் தள்ளிவிடுவார். இன்னொன்று: பணத்தைக் கடன் கணக்கில் மட்டும் செலுத்துங்கள். முகவரின் சொந்த எண்ணுக்கு ஜிபே செய்துவிட்டு, அது கணக்கில் ஏறவே இல்லை என்று அழுதவர்களை எனக்குத் தெரியும்.

மதுரை அண்ணன்:

என் தங்கைக்கு நேர்ந்தது வேறு ரகம். கைப்பேசிச் செயலியில் அவசரக் கடன். கேட்டது ஐந்தாயிரம், கழித்துக்கொண்டு கையில் கொடுத்தது மூவாயிரத்துச் சொச்சம், ஏழு நாளில் முழுத்தொகையும் திருப்ப வேண்டும். செயலியை நிறுவும்போதே தொடர்பு எண்களையும் படங்களையும் பார்க்க அனுமதி வாங்கிவிட்டது. எட்டாம் நாள் அவள் முகத்தை வேறொரு உடலோடு ஒட்டிய படம் எங்கள் சித்தப்பாவுக்கும் அவளுடைய பேராசிரியருக்கும் போனது. இரண்டு நாள் அவளைத் தனியாக விடவே எங்களுக்குப் பயமாக இருந்தது.

உடனே 1930 எண்ணில் சைபர் குற்றப் புகார் பதிந்தோம், மறுநாள் காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்தோம். படம் போன எல்லாருக்கும் நானே செய்தி அனுப்பினேன்: ‘இது ஒட்டுப்படம், போலீஸில் புகார் கொடுத்திருக்கிறோம், வேறு யாருக்கும் அனுப்பாமல் அழித்துவிடுங்கள், எண் மட்டும் தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷாட் எனக்கு அனுப்புங்கள்.’ சித்தப்பா வீட்டுக்கே வந்து அவள் தலையைத் தடவி, "நீ ஏனம்மா தலை குனிகிறாய்?" என்றார். அதன் பிறகுதான் அவள் சாப்பிட்டாள்.

2022 செப்டம்பர் முதலே ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி கடன் செயலி உங்கள் தொடர்பு எண்களையோ படங்களையோ அழைப்புப் பதிவுகளையோ தொடவே கூடாது. 2025 ஜூலை முதல், அனுமதி பெற்ற நிறுவனங்கள் பயன்படுத்தும் செயலிகளின் பட்டியலும் ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் இருக்கிறது. கடன் வாங்கும் முன்பே அதைப் பாருங்கள். பட்டியலில் இல்லாத செயலிக்கு மிரட்டலுக்குப் பயந்து மேலும் மேலும் பணம் அனுப்பாதீர்கள். எவ்வளவு அனுப்பினாலும் இன்னும் பாக்கி என்பார்கள்.

ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, திருச்சி:

எல்லாப் பதிவுகளையும் படித்தேன். முகமையின் மீது பழிபோட்டு வங்கி தப்பிக்க முடியாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முகவர் செய்வதெல்லாம் வங்கி செய்ததாகவே கொள்ளப்படும். அடியாட்களை வைத்து வசூலிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007இலேயே கண்டித்தது. 2008 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி கொடுத்த அறிவுறுத்தலில், முகவர் யார் என்பதைக் கடன்தாரருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், முகவர்களின் அழைப்புகளைப் பதிவு செய்ய வேண்டும், கடன்தாரர் கொடுத்த புகார் தீரும்வரை அந்தக் கணக்கை முகவரிடம் அனுப்பக் கூடாது என்றெல்லாம் இருக்கிறது. அடிப்படையில்லாத புகார்களை மீண்டும் மீண்டும் கொடுப்பவர்களுக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே உங்கள் புகாரில், அழைப்புப் பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி கேளுங்கள்.

2022 செப்டம்பரில் ஜார்க்கண்டின் ஹசாரிபாக்கில் கடன் பாக்கிக்காக டிராக்டரைப் பறிமுதல் செய்ய வசூல் ஆட்கள் வந்தபோது அதன் சக்கரத்தில் சிக்கி ஒரு கர்ப்பிணிப் பெண் இறந்தார். கடன் கொடுத்த நிறுவனம் வெளியாட்களைக் கொண்டு வசூலிக்கவே கூடாது என்று ரிசர்வ் வங்கி சில நாட்களில் தடை போட்டது. இவ்வளவு விதிகள் இருந்தும் ஓர் உயிர் போன பிறகுதான் அந்த நடவடிக்கை வந்தது என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை.

நம் மாநிலத்தில் 2003இன் கந்துவட்டித் தடைச் சட்டத்தோடு, வலுக்கட்டாய வசூலுக்கு எதிராக 2025இலும் ஒரு சட்டம் வந்திருக்கிறது. 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். வங்கிக்கோ நிதி நிறுவனத்துக்கோ எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதிலில் திருப்தி இல்லாவிட்டாலும், ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் இலவசமாக முறையிடலாம். வழி தெரியாவிட்டால் 14448 எண்ணில் கேளுங்கள். 2021ஆம் ஆண்டுத் திட்டத்தில் மன உளைச்சலுக்கு மட்டும் ஒரு லட்சம் ரூபாய் வரை இழப்பீடு தர இடமிருந்தது.

சேலம் வாசகர்:

ஐயா, வேலை போய்விட்டது. கிரெடிட் கார்டு நிலுவையில் பாதியைக் கட்டினால் முடித்துவிடுகிறோம் என்று முகவர் தொலைபேசியில் சொல்கிறார். கட்டலாமா?

ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, திருச்சி:

வாய்ப்பேச்சை நம்பிக் கட்டாதீர்கள், தம்பி. தொகை, கடைசித் தேதி, அதைக் கட்டினால் மீதியைக் கேட்க மாட்டோம் என்ற உறுதி, மூன்றும் வங்கியின் கடிதத்திலோ அதிகாரபூர்வ மின்னஞ்சலிலோ வரட்டும். அப்படி முடித்தால் உங்கள் கடன் வரலாற்று அறிக்கையில் ‘முழுதாகக் கட்டி முடித்தார்’ என்று வராது, ‘சமரசத்தில் தீர்க்கப்பட்டது’ என்றே வரும். அடுத்த சில ஆண்டுகளுக்குப் புதுக் கடன் கிடைப்பது கடினம். முதலில் வேலை போன விவரத்தைச் சான்றோடு எழுதி, சிறு தவணைகளாகப் பிரித்துத் தரும்படி வங்கியிடம் நேரடியாகக் கேளுங்கள். அது நடக்காவிட்டால் சமரசம். கட்டிய பிறகு நிலுவை இல்லை என்ற சான்றிதழைக் கையில் வாங்கிவிட்டுத்தான் அந்த அட்டையை வெட்டிப்போட வேண்டும்.