ஃப்ரீமாண்ட் தீக்காவல் குடில்: ஏறியது 800 அடியா, 1,200 அடியா?

திருவையாற்றார்:
வெள்ளியங்கிரியைவிட உயரமான மலையில் ஒரே பகலில் ஏறி இறங்கிவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு மகன் வீட்டுக்குத் திரும்பிவிட்டதாகக் குடந்தை நண்பர் நேற்று எழுதியிருக்கிறார். அவர் போய் வந்தது அமெரிக்காவில், வாஷிங்டன் மாநிலத்து ரெய்னியர் மலைத் தேசியப் பூங்காவில் உள்ள ஃப்ரீமாண்ட் தீக்காவல் குடிலுக்கு. அந்தக் குடில் ஏறத்தாழ 7,200 அடி உயரத்தில் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நடை தொடங்குகிற சன்ரைஸ் என்ற இடமே 6,400 அடியில் இருக்கிறது. அதுவரை ஏறியது மகனுடைய கார். நண்பருடைய கால்கள் ஏறியது 800 அடி. தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 216 அடி. அதில் நான்குகூட ஆகாத உயரத்தை வைத்துக்கொண்டு, பூண்டி அடிவாரத்திலிருந்து மூங்கில் தடியை ஊன்றி ஏழு மலையும் ஏறுகிறவர்களை அவர் வம்புக்கு இழுத்திருக்க வேண்டாம்.

குடந்தை வாசி:
நான் யாரையும் வம்புக்கு இழுக்கவில்லை. 800 என்பது தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. பாதை முதலில் சவர்டோ முகட்டுக்கு ஏறி, அங்கிருந்து ஃப்ரோசன் லேக் என்ற ஏரிப் பக்கம் சற்று இறங்கி, பிறகு சரளைக்கல் சரிவில் மறுபடியும் ஏறுகிறது. ஏற்றங்களைக் கூட்டினால் 1,200 அடி என்று நடைவழிகாட்டிகளிலேயே இருக்கிறது. போக வர 9 கிலோமீட்டர்; ஜூலை வெயிலுக்கு ஒதுங்கப் பெரும்பாலும் மரநிழல் கிடையாது; ஏரி கண்ணெதிரே கிடந்தாலும், அது சன்ரைஸுக்குக் குடிநீர் தருவதால் வேலி போட்டு வைத்திருக்கிறார்கள், கையைக்கூட நனைக்க முடியாது. காலமெல்லாம் சமவெளியில் நடந்தவனுக்கு அந்த உயரத்தில் எப்படி மூச்சு இரைக்கும் என்பது, திருவையாற்றுத் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவருக்குத் தெரிய நியாயமில்லை.

திருவையாற்றார்:
திண்ணை என்னுடையது, கணக்கு பூங்கா நிர்வாகத்தினுடையது. அவர்கள் 800 என்றுதான் போட்டிருக்கிறார்கள். திரும்பி வரும்போது ஏறிய மேடுகளையும் 1,200இல் சேர்த்தீர்களா, இல்லையா? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். மூச்சு இரைத்ததை உயரக் கணக்கில் சேர்ப்பதென்றால், எங்கள் தெருவில் மொட்டைமாடிக்கு வடாம் பிழிய ஏறுகிற எல்லோரும் மலையேறிகள்தான்.

மன்னை இளவல்:
பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் குடில் எதற்காக அங்கே நிற்கிறது என்பதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. 1910ஆம் ஆண்டு கோடையில் ஐடஹோ, மொன்டானா பகுதிகளில் சுமார் 30 லட்சம் ஏக்கர் காடு எரிந்த பிறகுதான் மேற்கு அமெரிக்க முகடுகளில் இத்தகைய காவல் குடில்கள் பெருகின. ஃப்ரீமாண்ட் குடில் 1934இல் கட்டப்பட்டது. இவற்றில் ஆஸ்போர்ன் கருவி என்று ஒன்று இருக்கும்: வட்டமான வரைபடத்தைச் சுற்றிச் சுழலும் ஒரு வளையம், அதில் குறிபார்க்க இரண்டு முனைகள். காவலர் புகை எழும் திசையைக் குறிபார்த்து, வளையத்தில் விழும் பாகையைத் தொலைபேசியில் சொல்வார். வேறொரு முகட்டிலிருப்பவரும் தம் பாகையைச் சொன்னால், இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் தீ. மின்னல் வெட்டும்போது நிற்பதற்கென்றே, கால்களில் கண்ணாடிக் குமிழ் பொருத்திய முக்காலிகள்கூட இருந்தன. விமானமும் செயற்கைக்கோளும் வந்த பிறகு பல குடில்கள் ஆளில்லாமல் போயின.

திருவையாற்றார்:
தம்பி நன்றாக எழுதியிருக்கிறார். அந்தக் காவலர் ஒரு பாகை பிசகிச் சொல்லியிருந்தால், தீயணைக்கப் போனவர்கள் வேறு மலையில் போய் நின்றிருப்பார்கள். குடந்தை நண்பரோ 400 அடி பிசகிவிட்டு மூச்சு இரைத்ததைப் பற்றிப் பேசுகிறார்.

பாபநாசத்தார்:
800ஓ 1,200ஓ, இரண்டாலும் எனக்கு ஒன்றுமில்லை. "நம் பிள்ளைகளும் கோடை விடுமுறையில் இப்படி ஏற வேண்டும்" என்று அதே பதிவில் எழுதியிருக்கிறாரே, அதுதான் உறுத்துகிறது. அங்கே சன்ரைஸ் சாலையைப் பனி விலகிய பிறகு ஜூன் கடைசி, ஜூலை வாக்கில்தான் திறப்பார்கள். ஆகையால் அவர்களுக்குக் கோடைதான் நடைக்காலம். இங்கே கோடை என்பது காட்டுத்தீக் காலம். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11ஆம் தேதி மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி, இருபது பேருக்கு மேல் இறந்ததை அதற்குள் மறந்தாயிற்றா? அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகளே கொண்டுவந்தது.

குடந்தை வாசி:
அண்ணன் என் தலையில் குரங்கணியைக் கட்ட வேண்டாம். அனுமதியில்லாமல் காட்டுக்குள் போகும்படி நான் யாருக்கும் சொல்லவில்லை. கோடையில்தான் வெள்ளியங்கிரிக்கும் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள், அதை ஏன் யாரும் கேட்பதில்லை? திருவையாற்றார் விஷயத்துக்கு வருகிறேன். கல்லணையின் நீளம் 1,079 அடியா, 1,080 அடியா என்று போன ஆண்டு நாள்கணக்கில் இழுத்தவர் அவர். ஓர் அடிக்கே அந்தப் பாடு என்றால் 400 அடிக்கு எவ்வளவு நாள் ஆகுமோ.

திருவையாற்றார்:
கல்லணை 1,079 அடிதான், அன்றும் இன்றும். வெள்ளியங்கிரியை மறுபடியும் இழுத்தது நீங்கள்தான் என்பதை எல்லோரும் கவனிக்கட்டும்.

பாபநாசத்தார்:
வெள்ளியங்கிரிக்குப் போகிறவர்கள் வனத்துறை திறந்துவிடுகிற மாதங்களில், ஊரறிந்த பாதையில் போகிறார்கள், இரண்டும் ஒன்றாகாது. என்னை அண்ணன் என்று அழைத்துவிட்டு ஏளனம் செய்வதும் சரியில்லை.

மன்னை இளவல்:
செயற்கைக்கோள் வழியாகத் தீ எச்சரிக்கை அனுப்பும் முறை நம் நாட்டிலும் இருக்கிறது; யாருக்காவது ஆர்வம் இருந்தால் எழுதுகிறேன்.

குடந்தை வாசி:
எழுதுங்கள் தம்பி. ஆனால் 1,200 என்பதில் மாற்றமில்லை.

திருவையாற்றார்:
நான் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. திரும்பும்போது ஏறியதைச் சேர்த்தீர்களா, இல்லையா?