ரிமோட் ஏஜென்ட் அப்டேட்: தானாக ஓடட்டுமா, நிறுத்தி வைக்கட்டுமா?

பிங் பாண்டி:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு நிறுவனத்தின் கிளைகளில் இருக்கிற விண்டோஸ் கணினிகளை எல்லாம் நான் ஒருவனே ரிமோட்டில் பார்த்துக்கொள்கிறேன். சர்வர் எங்கள் சொந்த சர்வர், தலைமை அலுவலகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு கணினியிலும் அந்த சர்வரோடு பேசுகிற ஏஜென்ட் என்ற சிறு நிரல் ஓடுகிறது. மென்பொருளின் பெயரை வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. சொன்னால் "அதைத் தூக்கிப் போடு, இதை வாங்கு" என்று பேச்சு திசை மாறிவிடும். இப்போதைக்கு மாற்றுகிற யோசனை இல்லை.

போன அப்டேட்டில் சர்வரைப் புதுப்பித்தவுடன் ஏஜென்ட்களும் தாமாகவே புதுப் பதிப்புக்கு மாறத் தொடங்கின. பெரும்பாலானவை கன்சோலில் (எல்லாக் கணினிகளின் நிலையையும் காட்டும் திரை) மறுபடி பச்சைக்கு வந்துவிட்டன. சில மட்டும் ஆஃப்லைன் என்றே நிற்கின்றன. அந்தக் கிளைகளுக்குப் போன் செய்தால், "கம்ப்யூட்டர் ஓடுது சார், நெட்டும் வருது, நாங்க வேலை பார்த்துக்கிட்டுத்தான் இருக்கோம்" என்கிறார்கள். அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. குருடாகிப் போனது நான்தான்.

ஒரு கிளையில் பொறுமையான அக்கா ஒருவர் இருக்கிறார். போனிலேயே சொல்லச் சொல்ல சர்வீஸ் (பின்னணியில் ஓடும் நிரல்) பட்டியலைத் திறந்து பார்த்தார். ஏஜென்ட் பெயர் இருக்கிறது, ஆனால் நின்றுபோயிருக்கிறது. ஸ்டார்ட் கொடுத்தால் கோப்பைக் காணோம் என்று பிழை வருகிறது. ஃபோல்டரில் முக்கியமான எக்ஸி கோப்பே இல்லை. ஆன்டிவைரஸின் குவாரன்டைனில் (சந்தேகக் கோப்புகளை ஒதுக்கி அடைக்கும் இடம்) போய் உட்கார்ந்திருக்கிறது.

வெளியீட்டுக் குறிப்பில் "பல பிழைகள் சரிசெய்யப்பட்டன, பாதுகாப்பு மேம்படுத்தப்பட்டது" என்று ஒரு வரி இருந்தது. எந்தப் பிழை, என்ன பாதுகாப்பு என்பது எழுதியவருக்கே வெளிச்சம்.

இதைக் கேட்ட மேலாளர், "இனிமேல் இந்த அப்டேட்டே வேண்டாம், எல்லாவற்றையும் நிறுத்து" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏஜென்ட் அப்டேட்டை நீங்கள் தானாக ஓட விடுகிறீர்களா, நிறுத்தி வைத்துக் கையால் செய்கிறீர்களா? காணாமல் போன கணினிகளை நேரில் போகாமல் மீட்க வழி உண்டா? எந்தத் திருத்தம் அவசரம், எது ஆறப் போடலாம் என்று எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?

நாலாம் மாடி:

மேலாளர் சொல்வதுதான் சரி. எங்கள் இடத்தில் பழைய பதிப்பு, வருடக்கணக்கில் தொடவே இல்லை, ஜம்மென்று ஓடுகிறது. நன்றாக ஓடுவதில் கை வைத்தால்தான் வம்பு.

இரவுப்பணி:

நாலாம் மாடி, உங்கள் சர்வரின் லாகின் பக்கம் இணையத்தில் திறந்திருக்கிறதா? ஆம் என்றால், ஜம்மென்று ஓடுவது உங்களுக்காக மட்டும்தானா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பாண்டி தம்பி, உன் முதல் கேள்வியில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சர்வர் வேறு, ஏஜென்ட் வேறு. சர்வரை அவசரமாக அப்டேட் செய்ய வேண்டும், ஏஜென்ட்டை நிதானமாக. இரண்டையும் ஒரே பொத்தானில் கட்டி வைத்திருப்பதுதான் உன் தொல்லைக்கு வேர்.

சர்வர் ஏன் அவசரம்? 2024 பிப்ரவரி 19 அன்று ஸ்கிரீன்கனெக்ட் என்ற ரிமோட் மென்பொருளின் ஓட்டை வெளியே வந்தது. சிவிஇ-2024-1709 (பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரப்படும் பொது எண்), தீவிர மதிப்பெண் பத்துக்குப் பத்து. முதன்முறை நிறுவும்போது மட்டும் வர வேண்டிய செட்டப் பக்கம் ஒன்று உண்டு. அதன் முகவரியின் கடைசியில் கொஞ்சம் கூடுதலாக எழுதினால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற சர்வரிலும் அது திறந்துகொண்டது. அதில் புது அட்மின் கணக்கை உருவாக்கிக்கொண்டால் வேலை முடிந்தது. கடவுச்சொல்லைத் திருடக்கூட வேண்டாம். 23.9.7 வரையிலான பதிப்புகள் எல்லாம் மாட்டின, 23.9.8இல் திருத்தம் வந்தது. இரண்டொரு நாளிலேயே தாக்குதல் தொடங்கிவிட்டது. கிளவுடில் இருந்தவற்றை அந்த நிறுவனமே சரிசெய்துவிட்டது. சொந்த சர்வர் வைத்திருந்தவர்கள்தான் தாங்களே ஓட வேண்டியிருந்தது. நீயும் சொந்த சர்வர் ஆள்.

உன் மேலாளரிடம் காட்ட இன்னொன்று. 2021 ஜூலை 2, வெள்ளிக்கிழமை. கசேயா விஎஸ்ஏ என்ற ரிமோட் மேலாண்மை மென்பொருளின் சர்வர்களில் இருந்த ஓட்டை வழியாக, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கும்பல் புகுந்தது. அந்த மென்பொருளின் நேரடி வாடிக்கையாளர்கள் ஏறத்தாழ 60 பேர்தான் மாட்டினார்கள். ஆனால் அவர்கள் பிறர் கணினிகளைப் பராமரிக்கிறவர்கள், ஆகவே அடி 1500 நிறுவனங்கள் வரை போனது. கும்பல் ஏஜென்ட்களுக்கு அனுப்பிய வேலையின் பெயர் என்ன தெரியுமா? "ஏஜென்ட் ஹாட்ஃபிக்ஸ்"! திருத்தம் என்ற பெயரிலேயே வந்தது. உண்மையான திருத்தம் ஜூலை 11 அன்றுதான் கிடைத்தது, அதுவரை சர்வரை அணைத்து வைக்கச் சொன்னார்கள்.

இதில் உனக்கு நேரடியாகப் பொருந்துகிற விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த ஏஜென்ட்டின் வேலை ஃபோல்டரை ஆன்டிவைரஸ் பார்க்காமல் விலக்கி வைக்கும்படி நிறுவனமே பரிந்துரைத்திருந்தது. கும்பல் தன் கோப்பை இறக்கியது அதே ஃபோல்டரில்தான். குவாரன்டைனைப் பார்த்த எரிச்சலில் உனக்கும் "முழு ஃபோல்டரையும் விலக்கிவிடலாமா" என்று தோன்றும். செய்யாதே. கோப்பை அந்த நிறுவனம்தான் தந்தது என்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழை வைத்து அனுமதி கொடு.

அப்புறம், ஏஜென்ட் ஏன் செத்தது என்பது. ஓடிக்கொண்டிருக்கிற எக்ஸி கோப்பின் மேல் விண்டோஸ் எழுத விடாது. அதனால் ஏஜென்ட் தனியாக ஒரு அப்டேட்டரை இறக்குகிறது. அது சர்வீஸை நிறுத்தி, பழைய கோப்பை எடுத்துப் புதியதை வைத்து, மறுபடி தொடங்குகிறது. உட்கார்ந்திருக்கிற கிளையை வெட்டுகிற வேலை. நடுவில் சில நொடிகள் அந்தக் கணினியில் உனக்கு ஆளே கிடையாது. அந்த நேரம் பார்த்து ஆன்டிவைரஸ் புதுக் கோப்பைத் தூக்கினால் சர்வீஸைத் தொடங்க யாரும் இல்லை. சர்வீஸ் அமைப்பில் "நின்றால் மறுபடி தொடங்கு" என்று போட்டிருந்தாலும் உதவாது, தொடங்கக் கோப்பு வேண்டுமே.

ஆனால் சில கணினிகளில் மட்டும் ஏன் தூக்கியது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. பழைய ஏஜென்ட் கோப்பையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, ப்ராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சர் பகுதியைப் பார். சான்றிதழ் மாறியிருக்கிறதா என்று சொல். 2024 பிப்ரவரியில் எனிடெஸ்க் என்ற ரிமோட் மென்பொருள் நிறுவனம் தன் அமைப்புகளில் ஊடுருவல் நடந்ததை அறிவித்து, கையெழுத்துச் சான்றிதழையே மாற்றியது. அப்படி மாற்றும்போது, பழைய சான்றிதழை நம்பிப் போட்ட விதிகள் எல்லாம் புதுக் கோப்பை அந்நியனாகவே பார்க்கும்.

மீட்பதற்கு: அதே கிளையில் உயிரோடு இருக்கிற இன்னொரு கணினிக்குள் போ. டொமைன் அட்மின் (நிறுவன நெட்வொர்க்கின் எல்லாக் கணினிகளுக்குமான நிர்வாகி) உரிமையும், ஃபயர்வாலில் ரிமோட் சர்வீஸ் மேலாண்மைக்கு அனுமதியும் இருந்தால், அங்கிருந்தே பக்கத்துக் கணினியின் சர்வீஸைப் பார்க்கலாம், கோப்பை நகலெடுக்கலாம், தொடங்கலாம். அது நடக்காவிட்டால் குரூப் பாலிசியில் (எல்லாக் கணினிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து விதி போடும் விண்டோஸ் வசதி), கணினி தொடங்கும்போது ஓடும் ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்ட் ஒன்று போடு: ஏஜென்ட் கோப்பு இல்லையென்றால் நிறுவு. காலையில் கணினியைப் போடுகிறபோது தானே வந்துவிடும். ஆன்டிவைரஸ் அனுமதியை முதலில் சரிசெய்துவிட்டு இதைச் செய். இல்லையென்றால் நீ வைக்க வைக்க அது தூக்கும்.

எது அவசரம் என்ற கேள்விக்கு என் பழக்கத்தைச் சொல்கிறேன். வெளியீட்டுக் குறிப்பை நான் நம்புவதில்லை, பாதுகாப்பு அறிவிப்பைத் தனியாகத் தேடுவேன். அதில் சிவிஇ எண் இருக்கிறதா, தாக்குபவர் லாகின் செய்யாமலேயே நெட்வொர்க் வழியாகச் செய்ய முடியுமா என்று பார்ப்பேன். இரண்டும் ஆம் என்றால் சர்வரை அன்றே அப்டேட் செய்துவிடுவேன், மேலாளரிடம் அப்புறம் பேசிக்கொள்ளலாம். அமெரிக்க அரசின் சிசா அமைப்பு, உண்மையான தாக்குதல்களில் பயன்பட்ட ஓட்டைகளின் பட்டியலை வெளியிடுகிறது. அதில் பெயர் வந்துவிட்டால் யோசிக்கவே வேண்டாம். அப்டேட் முடிந்த கையோடு பயனர் பட்டியலைத் திறந்து, தெரியாத அட்மின் யாராவது இருக்கிறாரா என்று பார். திருத்தம் புதிதாக வருபவரைத்தான் தடுக்கும், ஏற்கெனவே கணக்கு உருவாக்கிக்கொண்டவரை வெளியேற்றாது.

ஏஜென்ட்டை மட்டும் குழு குழுவாக விடு. முதலில் உன் மேசைக் கணினி. அப்புறம் கிளைக்கு ஒன்று, அதுவும் இருப்பதிலேயே பழையது, மெதுவானது, எப்போதும் ஸ்லீப்பில் போகிறது என்று பார்த்து எடு. புதுக் கணினியில் சோதித்து ஒன்றும் தெரியாது. அந்தக் குழு ரீஸ்டார்ட் ஆகித் திரும்பி வந்ததைப் பார்த்த பிறகுதான் மற்றவை.

கருப்புத்திரை:

இரவுப்பணி அண்ணன் சொன்னதோடு ஒன்று. இரண்டு முனைகளில் எது முதலில் மாறுகிறது என்பதையும் பாருங்கள். 2018 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட், ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்துகிற கிரெட்எஸ்எஸ்பி என்ற லாகின் சரிபார்ப்பு முறையில் ஒரு ஓட்டையைத் திருத்தியது. மே மாத அப்டேட்டில் அதைக் கட்டாயம் ஆக்கினார்கள். அப்டேட் ஆன கணினியிலிருந்து அப்டேட் ஆகாத சர்வருக்குப் போனால் "என்கிரிப்ஷன் ஆரக்கிள்" என்று ஒரு பிழை, உள்ளே விடாது. சர்வரை அப்டேட் செய்யலாம் என்றால் சர்வருக்குள் போகவே முடியாது! நிறைய பேர் ரெஜிஸ்ட்ரியில் பாதுகாப்பைத் தளர்த்திவிட்டுப் போனார்கள். சர்வரை அப்டேட் செய்த பிறகு அந்தத் தளர்வைத் திரும்ப எடுத்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள்.

அதனால் பாண்டி, புது சர்வர் எவ்வளவு பழைய ஏஜென்ட் வரை பேசும் என்று கேட்டு வையுங்கள். விடுமுறையில் இருப்பவரின் மடிக்கணினி மாதக்கணக்கில் அணைந்து கிடந்து, இரண்டு பதிப்பு தாண்டித்தான் விழிக்கும்.

டெர்மினல் தாசன்:

எனக்கு விண்டோஸ் ஒத்து வராது, லினக்ஸ் பக்கத்துக் கதை. 2024 ஜூலை 1 அன்று ஓப்பன்எஸ்எஸ்எச்சில் (லினக்ஸ் கணினிக்குள் ரிமோட்டில் நுழையப் பயன்படும் மென்பொருள்) ரெக்ரெஸ்ஷன் என்ற ஓட்டை வெளியானபோது, பதிப்பு எண்ணைப் பார்த்துப் பதறினவர்கள் அதிகம். திருத்தம் 9.8இல் வந்தது உண்மைதான். ஆனால் டெபியன் போன்ற லினக்ஸ் வகைகள் பழைய எண்ணை வைத்துக்கொண்டே உள்ளே திருத்தத்தைச் சேர்த்துவிடும். பொதியின் முழுப் பெயரில் வால் பகுதியைப் பார்க்க வேண்டும்.

ஆர்ச் லினக்ஸில் வேறு கூத்து. 9.8 போட்டபின் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யாவிட்டால் புது இணைப்பு எதையும் ஏற்காது. பழைய இணைப்பு மட்டும் ஓடும். எஸ்எஸ்எச்சை அப்டேட் செய்யும்போது இருக்கிற செஷனை மூடாமல், இன்னொரு ஜன்னலில் புதிதாக லாகின் செய்து பார்த்த பிறகே நான் எழுந்திருப்பேன்.

பிங் பாண்டி:

அண்ணே, நீங்கள் சொன்னபடி பார்த்தேன். சான்றிதழ் மாறித்தான் இருக்கிறது! காணாமல் போன கிளைகள் எல்லாம் ஒரு பழைய ஆன்டிவைரஸ் பாலிசியில் இருக்கின்றன, எனக்கு முன்பு இருந்தவர் போட்டது. அதில் அனுமதி பழைய சான்றிதழின் தம்ப்பிரிண்ட்டோடு (அந்த ஒரு சான்றிதழுக்கே உரிய அடையாள எண்) கட்டப்பட்டிருக்கிறது. மற்ற கிளைகளின் பாலிசி, வெளியீட்டாளரின் பெயரை வைத்து. அதனால் அவை தப்பின.

புதுச் சான்றிதழைச் சேர்த்துவிட்டு ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்ட் போட்டேன். ஒவ்வொன்றாகப் பச்சைக்கு வருகின்றன. அந்த அக்காவின் கணினிதான் முதலில் வந்தது. மேலாளரிடம் கசேயா கதையைச் சொன்னேன். "அந்த 1500இல் நாம் வேண்டாம்" என்று சர்வர் அப்டேட்டுக்கு ஒத்துக்கொண்டார். ஏஜென்ட் அப்டேட்டைக் குழுவாகப் பிரித்தாயிற்று.

ஒரு சந்தேகம்: பழைய சான்றிதழின் அனுமதியை இப்போதே எடுத்துவிடலாமா?

இரவுப்பணி:

எல்லாக் கணினியும் மாறும்வரை விட்டு வை. இப்போதே எடுத்தால், இன்னும் மாறாத பழைய ஏஜென்ட்டை ஆன்டிவைரஸ் தூக்கும், மறுபடி முதலிலிருந்து. கன்சோலில் பழைய பதிப்பு எண் ஒன்றுகூட இல்லை என்று ஆன அன்று எடுத்துவிடு. ஆனால் முதலில், ஏன் சான்றிதழை மாற்றினார்கள் என்று அந்த நிறுவனத்துக்கு எழுதிக் கேள். காலாவதி என்றால் இந்தக் கணக்கு சரி. களவு போய் ரத்து செய்திருந்தால் காத்திருக்காதே, மீதி ஏஜென்ட்களை இன்றே மாற்றிவிட்டுப் பழைய அனுமதியை எடு.