மட்டக்குதிரை: 148 சென்டிமீட்டர் கணக்கா, உடம்புவாகா?

யீஷூன் அப்பா:
மகளைக் குதிரையேற்ற வகுப்பில் சேர்த்திருக்கிறேன். அவள் ஏறுவது மட்டக்குதிரையாம், பக்கத்துக் கொட்டடியில் நிற்பது குதிரையாம். முதுகு இரண்டுக்கும் என் தோள் உயரம்தான் வருகிறது. எதை வைத்துப் பிரிக்கிறார்கள்? மட்டக்குதிரை வளர்ந்தால் குதிரையாகிவிடுமா என்று மாமியார் கேட்கிறார், அதற்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அளவுகோல்:
இதில் விவாதிக்க ஒன்றுமில்லை. உயரம்தான். பிடரி முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் ஒரு மேடு இருக்கும். அங்கிருந்து தரை வரைக்கும் அளக்க வேண்டும். தலையைக் கணக்கில் சேர்ப்பதில்லை, அது நிமிடத்துக்கு நிமிடம் ஏறி இறங்கும். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் விதிப்படி லாடம் இல்லாமல் 148 செ.மீ., லாடத்தோடு 149. அதற்குள் இருந்தால் மட்டக்குதிரை, தாண்டினால் குதிரை.

மாமியாருக்கு: ஆகாது. குதிரைக்குட்டி வேறு, மட்டக்குதிரை வேறு.

லாயக்காரன்:
அண்ணே, கோலையே பார்த்துக்கொண்டிருந்தால் குதிரையை எப்போது பார்ப்பது? ஐஸ்லாந்துக் குதிரை பெரும்பாலும் உங்கள் கோட்டுக்குக் கீழேதான் நிற்கும். அந்த ஊரில் யாரும் அதை மட்டக்குதிரை என்று சொல்வதில்லை. அரபுக் குதிரை கொஞ்சம் குள்ளமாகப் பிறந்தாலும் அரபுக் குதிரைதான். அர்ஜென்டினாவின் ஃபாலபெல்லா என் இடுப்புக்குக்கூட வராது, அதையும் குட்டை ரகக் குதிரை என்றே சொல்கிறார்கள்.

கிராஞ்சி பந்தயத் திடலில் லாய வேலை பார்த்தவன் நான். பந்தயக் குதிரைக்குக் கால் நீளம், கழுத்து மெலிவு, தோல் மெல்லிசு. மட்டக்குதிரையின் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். கால் குட்டை, வயிறு பீப்பாய் மாதிரி, கழுத்து தடிப்பு, பிடரியும் வாலும் அடர்த்தி. குளிரும் மேடும் உள்ள இடத்தில், அரைகுறைப் புல்லைத் தின்று பிழைத்த பரம்பரை உடம்பு அது. இந்த வித்தியாசத்தை எந்தக் கோல் காட்டும்?

பூன் லே பொன்னி:
போலோவை மறந்துவிட்டீர்களே! சிங்கப்பூர் போலோ கிளப் 1886இல் தொடங்கியது. அங்கே களத்தில் ஓடுவதையெல்லாம் இன்றைக்கும் ‘போனி’, அதாவது மட்டக்குதிரை என்றுதான் சொல்கிறார்கள். பாதிக்கு மேல் 148ஐத் தாண்டியிருக்கும். போலோவில் ஒரு காலத்தில் உயர வரம்பு இருந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு அதை எடுத்துவிட்டார்கள், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அளவுகோல் அண்ணன் அங்கே போய் எல்லாருக்கும் பெயர் மாற்றுவாரா?

அளவுகோல்:
அது பழக்கத்தில் வந்த பெயர், வகைப்பாடு இல்லை. உடம்புவாகு என்று ஆரம்பித்தால் ஆளுக்கொரு கண், ஆளுக்கொரு தீர்ப்பு. சிறுவர் போட்டிக்கு ஒருவர் உயரமான விலங்கைக் கொண்டுவந்து, “கழுத்தைப் பாருங்கள், மட்டக்குதிரைதான்” என்றால் ஒத்துக்கொள்வீர்களா? எண் இருக்கும்போதே எத்தனை தகிடுதத்தம்! குளம்பை ஒட்டச் சீவுவார்கள், அளக்கும்போது முதுகை இறக்கி நிற்கப் பழக்குவார்கள். அதனால்தான் சமதளத்தில், நேராக நிற்க வைத்து, ரசமட்டம் பொருத்திய கோலால் அளக்கிறார்கள்.

தோ பாயோ தம்பி:
நான் பார்த்த விற்பனை விளம்பரத்தில் 14.5 கை என்று போட்டிருந்தது. அது எதில் சேரும்?

அளவுகோல்:
எதிலும் சேராது தம்பி. ஒரு கை என்பது 4 அங்குலம். புள்ளிக்குப் பின்னால் வருவது மிச்ச அங்குலம். 14.3க்கு அடுத்தது 15. பழைய எல்லையான 14.2 என்பது 58 அங்குலம், ஏறக்குறைய 147 செ.மீ. 14.5 போட்டவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

லாயக்காரன்:
அது சரி. ஆனால் யீஷூன் அண்ணன் மகள் நாளைக்கே போட்டிக்குப் போகவில்லை, ஏறப் பழகுகிறாள். அவளுக்கு உயரத்தைவிட எடைதான் முக்கியம். சவாரி செய்பவர், சேணம் எல்லாம் சேர்த்து விலங்கின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது பலரும் வைத்திருக்கும் கணக்கு. அகன்ற முதுகும் தடித்த கால் எலும்பும் உள்ள மட்டக்குதிரை, தன்னைவிட உயரமான ஒல்லிக் குதிரையைவிட நன்றாகத் தாங்கும். அந்தக் காலத்தில் இந்த ஊரில் வண்டி இழுத்த சுமத்ராவின் டெலி ரகம் சின்ன விலங்குதான். இந்த வெயிலில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடவில்லையா?

தீனி விஷயமும் உண்டு. குதிரைக்குப் போடுகிற அளவு தானியத்தை மட்டக்குதிரைக்குப் போட்டால் சீக்கிரம் கொழுத்துவிடும், குளம்பு வீங்கி நொண்டும். எனவே லாயத்தில் வாளியை நிரப்புகிறவன் முதலில் பார்ப்பது உடம்பைத்தான்.

யீஷூன் அப்பா:
மகளின் மட்டக்குதிரை எப்போதும் தீனி வாளிக்குள்ளேயே தலையை வைத்திருக்கிறது. இப்போது கொஞ்சம் பயமாக இருக்கிறது.

லாயக்காரன்:
கழுத்தின் மேல்விளிம்பைத் தடவிப் பாருங்கள். கட்டியாக, அசையாமல் இருந்தால் கொழுப்பு ஏறியிருக்கிறது. பயிற்சியாளரிடம் சொல்லுங்கள்.

அளவுகோல்:
தடவிப் பார்க்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கூட்டமைப்பின் மட்டக்குதிரைப் போட்டிகளில் 12 வயதிலிருந்து 16 வரை கலந்துகொள்ளலாம். மகள் அந்த வயதில் பெயர் கொடுத்தால் அங்கே யாரும் கழுத்தைத் தடவ மாட்டார்கள், கோலைத்தான் எடுப்பார்கள். வாங்குகிற யோசனை இருந்தால் லாடத்தைக் கழற்றி அளந்த உயரத்தை எழுத்தில் கேளுங்கள்.