வீட்டை மட்டும் யாரும் படம் எடுக்கவில்லை

மோல்மேன் பேத்தி:

சால்வின் ஆற்றில் தேக்குக் கட்டைகள் மிதந்து வந்த காலத்தில் எங்கள் தாத்தா பர்மாவில், மோல்மேனில் கட்டிய வீட்டைப் போன வருஷம் பிரித்துவிட்டார்கள். பங்காளிகள் சேர்ந்து விற்றது, அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. ரங்கூனிலிருந்து போய்ச் சேர்வதற்குள் கூரைத் தகரம் இறங்கியிருந்தது.

சரி, பழைய படங்களிலாவது வீடு இருக்கும் என்று டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அறுபது எழுபது படம் இருக்கும். எல்லாரும் வீட்டை மறைத்துக்கொண்டு நிற்கிறார்கள்! வளைகாப்புப் படத்தில் ஜன்னல் கால்வாசி, காதுகுத்தில் படிக்கட்டு, சித்தப்பா சைக்கிளோடு நிற்பதில் ஒரு தூண். முன்வாசல் முழுசாகத் தெரிவது ஒரே படத்தில்தான்: தாத்தா இறந்த அன்று அவரை நாற்காலியில் உட்காரவைத்து, மாலை போட்டு எடுத்தது. சின்ன வயதில் அதைக் கண்டாலே ஓடிவிடுவேன். இப்போது அவர் தலைக்கு மேலே தெரியும் மரவேலைப்பாட்டை லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

படத்துக்குப் பின்னால் தேதி எழுதும் பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. கடைப் பலகைதான் காட்டிக்கொடுத்தது. வீட்டின் முன்பகுதியில் மளிகைக் கடை வைத்திருந்தார்கள். 1964இல் நே வின்னின் ராணுவ அரசு கடைகளை எடுத்துக்கொண்டபோது பலகையும் போனது. ஆக, பலகை தெரிந்தால் அதற்கு முன். சுவரில் பலகை அளவுக்கு வெளிறிய கட்டம் தெரிந்தால் அதற்குப் பின். அதே வருஷம் மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகளும் செல்லாது என்றார்கள். கட்டம் தெரியும் படங்கள் மொத்தமே நான்கு. ஸ்டூடியோக்காரருக்குக் கொடுக்கக் கையில் என்ன இருந்திருக்கும்?

ஆட்களை அடையாளம் காட்ட இருப்பது பெரியத்தை மட்டும்தான், 88 வயது. படத்தை நீட்டி "இது யாரு அத்தை?" என்றால் "தெரியலை ஆத்தா" என்பார், எல்லாவற்றுக்கும் அதே பதில். ஒருநாள் செல்போனில் படிக்கட்டை மட்டும் பெரிதாக்கிக் காட்டினேன். "மூணாவது படி ஆடும். ஜப்பான்காரன் வந்தப்போ அதுக்கு அடியிலதான் அம்மா பித்தளைச் சாமானையெல்லாம் பொதைச்சுது. அதுல குந்தியிருக்கிறது சின்னம்மா. குந்தாதேன்னு சொன்னாக் கேட்க மாட்டா." அதன் பிறகு நான் முகங்களைக் காட்டுவதே இல்லை. தூண், திண்ணை, ஜன்னல் என்று காட்டுகிறேன், ஆட்கள் தானாக வருகிறார்கள்.

மூன்று படங்கள் சட்டத்துக்குள் கண்ணாடியோடு ஒட்டிக் கிடக்கின்றன. அடுத்த வாரம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பெகுக்காரன்:

அக்கா, தயவுசெய்து பிரிக்காதீங்க! எங்க அப்பா அம்மா கல்யாணப் படத்தை நான் அப்படித்தான் பிரிச்சேன். அம்மா காகிதத்துல இருக்காங்க, அப்பா கண்ணாடியோட போயிட்டார். நம்ம ஊர் மழையில ஈரம் ஏறுனா படத்து மேல இருக்கிற ஜெலட்டின் பசை மாதிரி ஆகி, காயும்போது கண்ணாடியைக் கவ்விக்குது. கண்ணாடியோடவே வச்சுக் கேமராவுல படம் எடுங்க. பிளாஷ் வேணாம், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டுல விழட்டும். உங்க நிழல் கண்ணாடியில தெரியாம இருக்க கேமராவுக்குப் பின்னால கறுப்புத் துணி பிடிக்கச் சொல்லுங்க. மத்த படங்களுக்குப் பின்னால பேர் எழுதுறதா இருந்தா பென்சில்ல, அழுத்தாம எழுதுங்க. பேனா மை முன்பக்கம் ஊறிடும்.

கடைப் பலகையில என்ன பேர் இருந்துச்சு?

மோல்மேன் பேத்தி:

நல்ல நேரத்தில் சொன்னீங்க தம்பி. பலகையில் "...ரியா ஸ்டோர்" வரைக்கும்தான் தெரிகிறது, மீதியைப் பெரியப்பா தலை மறைக்கிறது. அத்தையிடம் கேட்டேன். "கடைக்குப் பேரு வேறயா? நம்ம கடைதான்" என்கிறார்.